மூன்றாவது கைதட்டல்

என் ஒன்றாம் வகுப்பில் ஐம்பத்தெட்டு பிள்ளைகள். அறுபதுகளில் அது பெரிய கூட்டமில்லை, பக்கத்து அறையில் எழுபது பேர் இருந்தார்கள். ஆனால் பக்கத்து அறைக் கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்கும். என் அறையில் பல்லி கத்தினால் கேட்கும். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் பிரம்பு வைத்துக்கொண்டதில்லை. கருணையால் அல்ல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், கையில் பிரம்பிருந்தால் அடித்துவிடுவேன். "அடியாத மாடு படியாதும்மா" என்று தலைமை ஆசிரியர் ஒரு வேப்பங்குச்சியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சிலேட்டில் கோடு போட அதை வைத்துக்கொண்டேன். பிரம்புக்குப் பதிலாக எனக்கு மூன்று கைதட்டல் இருந்தது. முதல் தட்டலுக்கு இருந்த இடத்தில் உட்கார வேண்டும். இரண்டாவதற்குக் கை கட்ட வேண்டும். மூன்றாவதற்கு ஆள்காட்டி விரல் உதட்டுக்கு வந்துவிட வேண்டும். பிறகு நான் "எடுக்கலாம்" என்று சொல்கிறவரை விரல் அங்கேயே இருக்கும். கொசு கடித்தாலும் சரி, மூக்கு ஒழுகினாலும் சரி. ஜூன் மாதம் முழுக்க இதைத்தான் பழக்கினேன். அனா ஆவன்னா எல்லாம் ஜூலையில்தான்.

அந்த வருஷம் பழக்குவதற்கு அதிக நாள் பிடித்தது ஒரே ஒரு பெண்ணுக்கு. தேவனாம்பட்டினத்து மீன்காரம்மாவின் மகள், ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. பல்பம் உடைந்தால் அழுவாள், பக்கத்துப் பையன் முழங்கை பட்டால் தெருவையே கூட்டுவாள். மூன்று வாரம் அவளை என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் கீழே இறங்கும்போதெல்லாம் பிடித்து மேலே வைத்தேன். நான்காவது வாரம் அந்த விரல் இறங்கவில்லை. அப்புறம் மற்றவர்களுக்கு அவளைத்தான் உதாரணமாகக் காட்டினேன். "பாருங்க, தங்கச்சி எப்படி உக்காந்திருக்கா." அவள் விரலுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்காருவாள்.

என் சொந்தக் கதையும் இதில் கலந்திருக்கிறது. எங்கள் வீடு சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால். கணவர் அங்கே ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். ஒன்றரை வயதுப் பையனை நாத்தனார் பார்த்துக்கொண்டார். நான் கடலூரில், செம்மண்டலத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பாப்புலியூரில் பாசஞ்சர் ஏறி வீட்டுக்குப் போனால், பையன் அத்தையின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் வருவான். ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவான். திங்கட்கிழமை அவன் விழிப்பதற்குள் நான் ரயிலடியில் இருப்பேன். இதை எழுத இப்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

எங்கள் பள்ளியை நடத்திய மேனேஜர் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி வைத்திருந்தார். அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர் வருகிற ஜூனில் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. தலைமை ஆசிரியர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "அந்த எடத்துக்கு நாலு பேர் கேட்டிருக்காங்க. இன்ஸ்பெக்ஷன்ல உங்க வகுப்பப் பத்தி நல்லா நாலு வரி எழுதிட்டா, மேனேஜர் உங்களத்தான் போடுவாரு. அங்க ஒன்னாங் கிளாஸ் சந்தக்கடையா இருக்குன்னு அவருக்கு ஒரே கவல."

இன்ஸ்பெக்ஷன் பொங்கல் கழித்து வந்தது. அன்று காலை ஏழு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். சாதாரண நாளில் பிள்ளைகள் வெறும் சிமெண்டுத் தரையில்தான் உட்காருவார்கள். இன்ஸ்பெக்ஷன் வந்தால் மட்டும் ஸ்டோர் ரூமில் சுருட்டி வைத்த கோரைப்பாய்கள் வெளியே வரும். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த பாய்கள். நானே தூக்கிவந்து, பேருக்கு ஒரு உதறு உதறி விரித்தேன். சரியாக உதறவில்லை. தூசி புடவையில் படுமே என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பதினொன்றரை ஆகியும் வரவில்லை. பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்த தலை கலைய ஆரம்பித்தது. இரண்டு பேர் நெளிந்தார்கள், ஒன்றுக்கு அனுப்பி, திரும்ப உட்காரவைத்தேன். கடைசியில் வாசலில் சைக்கிள் ரிக்ஷா வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு தட்டினேன். ஐம்பத்தெட்டு விரல்களும் உதட்டுக்குப் போயின.

அவர் நேரே உள்ளே வரவில்லை. கதவருகே நின்று தலைமை ஆசிரியரிடம் வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அந்த மீன்காரம்மா மகளைப் பார்த்தேன். ஒரு தரம் உடம்பு தூக்கிப்போட்டது. கண் அகன்றது. விரல் உதட்டில்தான் இருந்தது, ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

ஒன்றுக்கு வருகிறது போல, என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. தாயே, இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ, என்று மனசுக்குள் கெஞ்சினேன். கண்ணால் ஒரு அதட்டலும் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம் இருந்தது. "ஒன்னாங் கிளாஸா இது?" என்றார். பிறகு என்னிடம், "இவங்க இப்படியே இருக்கட்டும். நாம வெளிய போய் நிப்போம். நீங்க இல்லாதப்ப எத்தனை நேரம் தாங்குதுன்னு பாக்கலாம்" என்றார்.

அந்தப் பெண்ணின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. தை மாதத்தில் வேர்வை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அவரோடு வெளியே போனேன்.

தாழ்வாரத்தில் நின்றோம். இன்ஸ்பெக்டர் என் ஊரைக் கேட்டார், படித்த இடத்தைக் கேட்டார். தலைமை ஆசிரியர் என் வீட்டு நிலைமையை எனக்கும் சேர்த்துச் சொன்னார். "சிதம்பரமா? எழுதிடுவோம். இந்த மாதிரி டீச்சர் அங்கதான் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. மீதிக் காது அறைப் பக்கம் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. நான் எத்தனையோ நாள் பெருமைப்பட்ட அந்த அமைதி அன்றைக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் நடுவிலேயே திரும்பி உள்ளே ஓடினேன்.

அவள் பாயில் ஒருக்களித்து விழுந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. சுற்றிலும் ஐம்பத்தேழு பிள்ளைகள் கை கட்டி, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்திலிருந்த பையனின் கால்சட்டை நனைந்திருந்தது. அவனும் விரலை எடுக்கவில்லை.

பாயைத் தூக்கினால் ஓரமாகத் தேள் ஓடியது. கடலோரச் செந்தேள், சுண்டுவிரல் நீளம்தான். அதைத் தலைமை ஆசிரியர் செருப்பால் அடித்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி, இன்ஸ்பெக்டருக்காக நின்ற ரிக்ஷாவிலேயே ஏறிவிட்டேன். மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி போகிற வரைக்கும் அவள் கை கால் ஜில்லென்று இருந்தது. "கண்ணு, அழு கண்ணு, அழலாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் அழவில்லை. ரிக்ஷாக்காரர் எழுந்து நின்று மிதித்தார். நான் வேண்டாத சாமி இல்லை. மாற்றலே வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டேன். அதைச் சாமி நினைவில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊசி போட்டார்கள். இருபத்துநாலு மணி நேரம் தாண்டட்டும் என்றார் டாக்டர். தாய் ஈரப் புடவையோடு ஓடி வந்தாள், கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. புருஷன் கடலுக்குள் இருந்தார், மறுநாள்தான் கரையேறுவார். நாங்கள் இருவரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

தாய் சட்டென்று என் காலில் விழுந்தாள். "நீங்க தூக்கிட்டு ஓடியாரலன்னா எம்பொண்ணு எனக்கில்ல டீச்சர்." எழுப்பி உட்காரவைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்: "எறும்பு கடிச்சாலே ஊரக் கூட்டுவாளே டீச்சர். தேளு கொட்டுனதுக்கு எப்படிக் கத்தியிருப்பா. பாவம், நீங்களே பயந்துருப்பீங்க."

"ஆமாம், கத்தினா. கத்தினதாலதான் ஓடிப் போய்ப் பார்த்தேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். பொய் அத்தனை சுலபமாக வந்தது.

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே எழுதியிருந்தார். எந்தப் பள்ளியிலும் இத்தகைய ஒழுங்கைக் கண்டதில்லை என்ற வரியைத் தலைமை ஆசிரியர் எனக்குப் படித்துக் காட்டினார். "தேள் கடிச்சதுக்கு யாரும் உங்களச் சொல்லல. பொண்ணுதான் பொழச்சுக்கிச்சே, விடுங்கம்மா. மேனேஜர் வர்ற மாசம் நேர்ல வர்றாரு. அந்த மூணு தட்ட ஒரு தரம் அவருக்குக் காட்டிட்டீங்கன்னா ஆர்டர் கையில." சிதம்பரத்து டீச்சர்களுக்கும் அதை நான்தான் பழக்க வேண்டுமாம்.

நடுவில் அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் வந்த நாளிலிருந்து நான் கை தட்டவில்லை. வகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறியது. ஒரே ஒருநாள் மேனேஜருக்காகத் தட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, என் பையன் முதல்முறையாக, நான் வாசலில் கால் வைத்ததும் அத்தையை விட்டு என்னிடம் ஓடி வந்தான். தட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் திங்கட்கிழமை ரயில் ஏறினேன்.

மேனேஜர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் எனக்குக் கண் காட்டினார். பிள்ளைகள் புது ஆளைப் பார்த்துக் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் எடுத்தேன். ஒன்றோடு ஒன்று இன்னும் படவில்லை. மூன்றாவது வரிசையில் அவள் விரல் உதட்டுக்குப் போய்விட்டது. நிமிர்ந்து, அசையாமல், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை பார்த்தாள்.

"எடுக்கலாம்" என்றேன். அவள் விரலை எடுத்தாள். நான் கையைக் கீழே போட்டேன். கூச்சல் இன்னும் ஏறியது. பையன்களில் ஒருவன் பாய்ந்து இன்னொருவன் சிலேட்டைப் பிடுங்கினான். மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். "நல்லா இருக்கும்மா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சிதம்பரத்து இடம் வேறொருவருக்குப் போனது. நான் நல்லது செய்துவிட்டேன் என்ற நிம்மதியெல்லாம் அன்று வரவில்லை. கிறுக்கச்சி, கிறுக்கச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் போனேன். அந்த அம்மா குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லி, நானும் மணலில் உட்கார்ந்தேன். அன்று அவள் மகள் கத்தவே இல்லை என்று சொன்னேன். கத்தக் கூடாது என்று பழக்கியவள் நான். அவள் அழுததைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உங்களுக்குப் புள்ள இருக்கா டீச்சர்?"

"இருக்கான். ரெண்டு வயசு ஆகப்போவுது. சிதம்பரத்துல இருக்கான்."

"அவன் அழுதா உங்களுக்குக் கேக்குமா?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்காது என்றேன். அவள் குனிந்து, மிச்ச மீனை ஆய ஆரம்பித்தாள்.