கலனின் அடியில் தங்கிய காற்று

சூளகிரிக்கு அருகே, காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையில் ஆபரேட்டராக இருந்தேன். கழிவு புளித்து வரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க, உயரமான இரும்புக் கலன் நிறைய ஒருவகை மணிகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. அவற்றின் நுண்துளைகள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு, எரியும் வாயுவை வெளியே விட்டுவிடும்.

பழைய மணிகளை மாற்ற வேண்டிய அன்று காலையிலிருந்தே தூறல். மேலே இருந்தவற்றைக் குழாய் வைத்து உறிஞ்சியாயிற்று. அடியில் தங்கியதை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். பாரூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தயாரானார். இடுப்பில் பெல்ட், அதில் கட்டிய கயிறு, கயிற்றின் மறுமுனையில் மேலே, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்.

சூப்பர்வைசர் கலனின் வாயில் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார். “ஆக்சிஜன் சரியா இருக்கு. இறங்குங்க.”

அவர் ஏணியில் இறங்கத் தொடங்கியதும், கலனின் வாயைச் சுற்றிய மேடையில் சிந்திக் கிடந்த மணிகளை அள்ளினேன். நனைந்திருந்தன, ஆனால் சுட்டன. திறந்த வாய் வழியே தூறல் உள்ளேயும் இறங்கியிருக்கும். மணிகள் ஈரத்தைக் குடித்தால் சூடாகும். பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடையும் விட்டுவிடும். அது காற்றைவிடக் கனம். அடியில்தான் தேங்கும்.

“அண்ணா, மேல வந்துடுங்க!”

“இன்னும் ரெண்டு படிதாம்மா.”

“வேலையக் கெடுக்காதம்மா,” என்றார் சூப்பர்வைசர்.

உள்ளிருந்து, “மூச்சு வாங்குது...” என்று குரல் வந்தது. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். சூப்பர்வைசர் பதறிப்போய் ஏணியில் கால் வைத்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“எறங்காதீங்க சார்! நீங்களும் விழுந்துடுவீங்க. செயினப் பிடிங்க!”

இருவரும் இழுத்தோம். ஒவ்வொரு கண்ணியாகத்தான் ஏறியது. முதலில் அவர் தலை தெரிந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து. முகம் கறுத்திருந்தது. மேடையில் கிடத்திக் கன்னத்தைத் தட்டினேன். அசைவில்லை. பிறகு நெஞ்சு ஒருமுறை விம்மியது, இருமினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் வீடு திரும்பினார். அவர் மனைவி போனில் அழுதுகொண்டே, “ஒன்னாலதாம்மா பொழச்சாரு,” என்றார். அந்தத் தொழிலாளி இறங்கலாம் என்ற அனுமதித் தாளில் காலையில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை அவர் மனைவியிடம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.