மூன்று கோழிகளும் மாமியின் புல்தரையும்

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு புல்தரை உண்டு. உண்டு என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன். போன ஆவணியில் அது வெறும் புழுதி. என் மூன்று கோழிகள் கிளறிக் கிளறி, குழி பறித்து மண்ணில் புரண்டு, ஒரு பச்சை இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தன.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார மாமி முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வந்ததும் அப்போதுதான். மெத்தென்ற தரையில் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவிலோ ஒரு பக்கம் பைக், மறுபக்கம் தோண்டிப் போட்ட பள்ளம். மாமி தடியை ஊன்றிப் படியிறங்கி வந்து புழுதியைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“ஆத்துல கோழி வளக்கறேன்னே, சரின்னேன். மீன் பொரிச்சா ஜன்னலைச் சாத்திண்டு பொரின்னேன், அவ்வளவுதான். இப்போ நான் எங்க நடக்கறது? புரட்டாசி முடியறதுக்குள்ள புல்லு வரணும். இல்லேன்னா கோழியை எங்கயாவது அனுப்பிச்சுடு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இன்னும் அதிகமாகவே வந்தது. அம்மா போன பிறகு, காலையில் என்னைத் தேடிக் கதவருகே வருகிற உயிர்கள் அந்த மூன்றும்தான். அவற்றை எங்கே அனுப்புவது? கூண்டிலும் அடைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் தீனியைத் தொடாமல் கத்தின. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டேன்.

அடையாறு நர்சரியில் புல்லை மண்ணோடு பாய் மாதிரிச் சுருட்டித் தருகிறேன் என்றார்கள். யாரோ வளர்த்ததை வாங்கி விரிப்பதில் எனக்கென்ன பெருமை? வீம்பாக அருகம்புல் விதை வாங்கி வந்தேன். கடுகைவிடச் சின்ன விதை. மணலோடு கலந்து, குனிந்து, விரல்களால் தூவினேன். பாதி முடிவதற்குள் முதுகுக்குப் பின்னால் ‘கொக் கொக்’ என்றது. திரும்பினால் மூன்றும் வரிசையாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

தப்பு என்னுடையது. தெருவே கல்மாவில் கோலம் போடும்போது நான் மட்டும் பிடிவாதமாக அரிசி மாவில் போடுகிறவள். இழை காய்வதற்குள் மூன்றும் வந்து கொத்தும். திட்டிக்கொண்டே ரசிப்பேன். நான் குனிந்து விரலால் எதையாவது தூவினால் அது காலைச் சாப்பாடு என்று அவற்றுக்கு நானே பழக்கியிருந்தேன். இரண்டாம் முறை சாயங்காலம் தூவினேன். அப்போதும் வந்தன.

வாரம் இரண்டு நாள் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா, கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மா, தரை மொட்டையா கீது? எங்கூட்ல பழைய வலை கீது, எடுத்தாறேன். கல்லு வெச்சுத் தூக்கிக் கட்டு. தரையோட போட்டீன்னா கோழி காலு மாட்டிக்கும்.”

செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டினேன். பக்கங்களிலும் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் வெளியே நின்று, வலைக் கண்கள் வழியாக விதையைத் தூவினேன். கோழிகள் சுற்றிச் சுற்றி வந்து என்னைத் துரோகியைப் போலப் பார்த்தன. அவை புரள்வதற்குக் கொல்லையில் மணலும் சாம்பலும் கொட்டிக் கொடுத்தேன். பத்தாவது நாள் மண்ணில் பச்சையாக ஏதோ தெரிந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன். புல்தான். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை காலை வலையை எடுத்தேன். மாமி செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். ஓர் அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் கோழிகள் மூன்றும் ஓடிவந்து அவர் கால்களுக்கிடையே புகுந்தன. மாமி தள்ளாடினார். பாய்ந்து தாங்கிப் பிடித்தேன். அவர் என் தோளைப் பற்றிக்கொண்டார்.

“இது சரிப்படாதுடி,” என்றார் மெதுவாக. கோபமில்லாமல் சொன்னதால்தான் எனக்குப் பயம் வந்தது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக் குனிந்தேன். முதல் இழை விழுவதற்குள் மூன்றும் என்னிடம் வந்துவிட்டன. ஐந்து புள்ளிக் கோலம் என்று ஆரம்பித்ததை ஒன்பது புள்ளியாக்கினேன். நான் போடப் போட அவை கொத்தின. பின்னால் தடியின் சத்தம் புல்லில் மெத்து மெத்தென்று கேட்டது. திரும்பிப் பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மாவு தீர்ந்து நிமிர்ந்தபோது மாமி மூச்சு வாங்கியபடி மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து நின்றிருந்தார். பாதமெல்லாம் ஈரம். கோழிகளை ஒரு பார்வை பார்த்தார்.

“நாளைக்குக் கோலத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடு,” என்றார். “எனக்கு நாலு சுத்து பாக்கி இருக்கு.”