மலைப் பட்டிக்கு ஊசி போடப் போனது

அப்போது நாமக்கல் மாட்டு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். கொல்லிமலைமேல் மேயும் மாடுகளுக்கு வெக்கை என்னும் தொற்றுநோய் கண்டிருப்பதாகத் தகவல் வந்ததும், டாக்டர் தடுப்பூசிப் பெட்டியைக் கொடுத்து என்னை அனுப்பினார். சேந்தமங்கலம் வரை வண்டி. அதற்குமேல் நடை. சுமக்க ஆள் அகப்படாமல் பெட்டியை நானே தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினேன். புல்வெளியை எட்டும்போது உச்சி வெயில்.

தகவல் சொன்ன அந்த இடத்தில் மாட்டுப் பட்டி இல்லை. காய்ந்த சாணமும், படுத்திருந்த ஒரு பசுவும், அதன் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும்தான் இருந்தார்கள். அவர்களுக்கு நிலையான ஊர் கிடையாது. மழைக்காலத்தில் கீழே தரிசுகளில் மேய்ப்பார்கள். கோடையில் மலைக்கு ஏறிவிடுவார்கள்.

"மத்தவங்க எங்க?"

"நோவுன்னா பிரிஞ்சு போயிருவோமுங்க" என்றாள் அந்தப் பெண். "ஒரு ஊட்டுக்காரங்க மட்டும் நோவு மாட்டோட இருக்கோணும். போன தடவ எங்க கொழுந்தனாரு இருந்தாரு. இந்தத் தடவ நாங்க."

"எத்தன நாளைக்கு?"

"இது செத்தாலும் பொழச்சாலும் ஒரு மாசம் ஆருகிட்டயும் சேர மாட்டோமுங்க."

பசுவின் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஊசி போட்டால் பிழைக்குமா என்று அவன் கேட்டான். நோய் கண்ட மாட்டுக்கு அது உதவாது என்றேன்.

"அப்ப நல்ல மாட்டுக்கே போடுங்க சாமி" என்று வடக்கே கையைக் காட்டினான்.

இன்னும் இரண்டு மணி நேரம் நடந்தேன். குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. ஒரு சரிவில் முப்பது நாற்பது மாடுகள் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு கிழவர் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"எந்தப் பக்கமிருந்து வாரீங்க?"

சொன்னேன்.

"அப்பக் கிட்ட வராதீங்க சாமி. அந்த எடத்து மண்ணு உங்க காலுல இருக்குது."

பெட்டியைக் காட்டினேன். மருந்து என்றேன். அவர் கோலை இறக்கவில்லை. கோபமும் இல்லை அவருக்கு. நோய் கண்ட இடத்திலிருந்து நேரே வேறு பட்டிக்குப் போகக் கூடாதென்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவன் நான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் மகள் ஒரு மொந்தையில் கம்பங்கூழ் கொண்டுவந்து தூரத்துப் பாறைமேல் வைத்துவிட்டு விலகிப் போனாள். குடித்தேன்.

"மொந்தைய அங்கயே உட்டுருங்க. நாங்க தொட மாட்டோம்" என்றார் கிழவர்.

பெட்டியைத் திறக்காமலே இறங்கினேன். மறுவாரம் டாக்டர் திரும்பவும் போகச் சொன்னபோது, கால் புண்ணைக் காட்டி மறுத்துவிட்டேன். வேறொருவர் போனார். அந்தப் பசு என்னவாயிற்று என்று அவரிடம் நான் கேட்கவில்லை.