காற்றில் இருந்த அறை

உச்சியாரின் கைகள் சாப்பாட்டு மேசைமேல் வேலையாக இருந்தன. கடுகளவு திருகாணி ஒன்றை இரண்டு விரல்களால் பிடித்து, ட்ரோனின் கையில் இருந்த துளைக்குள் இறக்கி, பெட்டியோடு வந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரால் திருகிக்கொண்டிருந்தார். டன் கணக்கில் கம்பிக் கட்டுகளைத் தூக்கி, முட்டை வைப்பதுபோல் இறக்கி வைத்த கைகள் அவை. இப்போது ஒரு திருகாணியைப் பிடிக்க மூன்று தடவை தரையைத் துழாவ வேண்டியிருந்தது.

"அடையாளம் போட்ட றெக்கை, அடையாளம் போட்ட மோட்டாருக்கு. போடாதது போடாததுக்கு." அவர் மனைவி செய்முறைப் புத்தகத்தை மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்துப் படித்தார். "மாத்திப் போட்டா மேல போகாதாம், குப்புறக் கவுந்துடுமாம். நல்லாப் பாத்துப் போடுங்க."

"எனக்கே சொல்றியா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன். வேற யாரு இருக்கா இங்க?"

டவர் கிரேன் ஓட்டியவர் அவர். கட்டடம் எவ்வளவு உயரமோ அதற்கும் மேலே, கம்பத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் தரை. அதனால்தான் 'உச்சியார்'. பெற்றோர் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கடைசியில் முழங்கால் இரண்டும் மக்கர் செய்தன. இனி ஏணி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரிவு உபசாரத்தில் சைட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது இந்தக் கேமரா ட்ரோன். "இனிமே இதுல ஏறிக்கோங்க சார்" என்று எஞ்சினியர் சொன்னதும் கூட்டமே சிரித்தது. உச்சியாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் ஏற்றிவிட்டார்.

மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே கிடந்தது. மனைவி தூசி தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி கீழே இறங்கியதற்குக் காரணம் ஒரு பேருந்துப் பயணம். பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், முதன்முதலில் பாடம் எடுத்த வகுப்பறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதாகச் சொன்னார். உச்சியார் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வீடு வந்து சேர்கிறவரை அது மனத்தை அரித்தது. வாத்தியாருக்கு வகுப்பறை இருக்கிறது. தையல்காரருக்குக் கடை இருக்கிறது. கிரேன்காரன் எங்கே போய் உட்காருவான்? கட்டடம் முடிந்ததும் கிரேனைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அவன் வருடக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிட்டு, கொட்டாவி விட்டு, பாட்டு முணுமுணுத்த அறை இருந்த இடத்தில் வெறும் காற்று. காக்கை பறக்கும்.

மற்ற அறைகள் எப்படியோ போகட்டும். முதல் கிரேன் நின்ற இடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பிப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அந்த இடம் தொலைவில் இல்லை. இரண்டு தெரு தாண்டி, மைதானத்தின் ஓரத்தில், அவர் கட்டிக் கொடுத்த குடியிருப்பு இன்னும் நிற்கிறது. மைதானம் இருக்கிற இடத்தில் அப்போது மூன்று மாடி முதியோர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே பராமரிப்பு வேலை பார்த்த ஒரு பெண், மதியம் ஆனால் மொட்டை மாடிக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தனியாகச் சாப்பிடுவாள். மேலே கூண்டில் ஒருவன் தானும் அதே நேரத்துக்கு டப்பாவைத் திறக்கப் பழகிக்கொண்டான். இப்படிச் சில மாதம் போனது. ஒருநாள் அந்தப் பெண் நேரே சைட்டுக்கு வந்து, கீழே நின்ற சிக்னல்காரரிடம், "மேல இருக்கிற ஆளை அந்தப் பக்கம் திரும்பிச் சாப்பிடச் சொல்லுங்க, எனக்கு விக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாக்கி டாக்கியில் செய்தி மேலே போனது. கிரேனே ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அந்தப் பெண்தான் இப்போது செய்முறைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

ட்ரோனைத் தயார் செய்ய ஒரு வாரம் ஓடியது. பேட்டரியைச் சார்ஜில் போட்டு, விளக்கு அணையும்வரை உச்சியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனில் அதற்கான ஆப்பை இறக்கினால், இறங்கியதும் இன்னொரு அப்டேட் கேட்டது. திசைகாட்டியைச் சரிசெய்ய ட்ரோனைக் கையில் ஏந்தி, நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு அதன் மூக்கைத் தரைக்குக் காட்டிப் பிடித்து இன்னொரு சுற்று. கூடத்தின் நடுவில் அவர் சுற்றியதைப் பார்த்து மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"கல்யாணத்துல ஆடச் சொன்னப்ப கால் வலிக்குதுன்னீங்களே."

துணைச் சாமான்கள் பாதி கடையில் வாங்கியவை, பாதி வீட்டில் தேறியவை. றெக்கைகளைச் சுற்றிப் போடும் பாதுகாப்பு வளையமும், அதிகப்படி பேட்டரி ஒன்றும் மகள் அனுப்பினாள். ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட மனைவியின் பழைய அடையாள அட்டை நாடா உதவியது. வெயிலில் போன் திரை தெரியாது என்பதால், செருப்புப் பெட்டி அட்டையை வெட்டி, உள்பக்கம் கறுப்பு அடித்து, ஒரு மறைப்புச் செய்தார். கிளம்புமிடம் மண்ணாக இருந்தால் மோட்டாருக்குள் தூசி போகுமாம். குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்று பறிபோனது. அதன் நடுவில் மஞ்சள் வட்டம் வரைந்தார்.

"மிதியடியில கோலமா? இனிமே நான் வழுக்கி விழணும்" என்றார் மனைவி.

எல்லாம் முடிந்த சாயங்காலம் விசில்காரர் வந்தார். முதல் கிரேனிலிருந்து கடைசிக் கிரேன்வரை தரையில் நின்று உச்சியாருக்குக் கை காட்டிய சிக்னல்காரர் அவர்தான். வந்ததும் ட்ரோனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யோவ், இதுக்கு வழிக்கயிறு எங்க?"

அதுதான் உச்சியாரின் மனத்திலும் இருந்தது. கிரேன் தூக்கும் சுமை காற்றில் ஆடாமல் இருக்க, அதில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைத் தரையில் ஒருவர் பிடித்திருப்பார். வழிக்கயிறு இல்லாமல் செங்கல் கூட மேலே போகக் கூடாது. அந்த விதியை மீறியவர்கள் என்ன ஆனார்கள் என்று இருவரும் கண்ணால் பார்த்தவர்கள். புத்தகத்தில் வழிக்கயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லாதது உச்சியாருக்கு முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

"எழுதினவனுக்கு சைட் அனுபவம் இல்ல" என்று விசில்காரர் தீர்ப்புச் சொன்னார். தையல் பெட்டியிலிருந்து நைலான் நூற்கண்டு வந்தது. ட்ரோனின் காலில் ஒரு முனை. விசில்காரரின் விரலில் மறுமுனை. புழக்கடையில் விரிப்பு விரிந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்றார்.

"என்னங்க, அந்த நூலு றெக்கையில மாட்டாதா?"

"நீ சும்மா இரு. நாங்க பாக்காத தூக்கா?"

ட்ரோன் உறுமிக்கொண்டு எழுந்தது. இடுப்பளவு, தலையளவு. விசில்காரர் முகமெல்லாம் பல்லாக நூலை விட்டுக்கொடுத்தார். ஒரு காற்று வந்தது. சுமையானால் கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு தொங்கும். இது காற்றை எதிர்த்துத் தானே திரும்பி வந்தது. நூல் தொய்ந்தது. தொய்ந்த நூலை றெக்கையின் காற்று உள்ளே இழுத்தது. பாதுகாப்பு வளையம் நூலைத் தடுக்கவில்லை. கறுக் என்று ஒரு சத்தம். ட்ரோன் கத்தரிச் செடிப் பாத்தியில் போய்க் குப்புற விழுந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் மனைவிதான்.

"நூல் கட்டிப் பறக்க விட்டா அதுக்குப் பேரு பட்டம்."

உச்சியார் ட்ரோனைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். இரண்டு றெக்கைகள் பிளந்திருந்தன. ஒரு மோட்டாரின் தண்டில் நூல் கண்டுபோல் சுற்றியிருந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்று றெக்கை பெட்டியில் ஒரே ஒரு ஜதைதான் இருந்தது. கடையில் இந்த ரகத்துக்குத் தீர்ந்துபோய்விட்டதாம், எப்போது வரும் என்று தெரியாது.

"வேணாம்யா" என்றார் உச்சியார். "என் கை பழைய கை இல்ல. இன்னொரு தரம் விழுந்தா முடிஞ்சுது. பெட்டியில போட்டு மேலயே வச்சிடலாம்."

விசில்காரர் தரையைப் பார்த்தார். "என்னாலதான்..."

"உங்களாலயும் இல்ல, அவராலயும் இல்ல அண்ணே. அந்த விளக்கை இப்பிடித் திருப்புங்க." மனைவி தன் பழைய வேலைப் பையைத் திறந்து, தையல் பிரிக்கும் கத்தரியையும் இடுக்கியையும் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தண்டில் சுற்றிய நூலை ஒவ்வொரு சுற்றாக வெட்டி, இடுக்கியால் இழுத்து, தட்டில் வைத்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பேச்சும் நடந்தது.

"இல்லத்துல விழுந்து எழுந்தவங்களுக்கு நடக்கப் பழக்கிவிடுவோம்ல, புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க அவங்களை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. அப்பறம் ரெண்டு பேரும் சேர்ந்து விழுவாங்க. பிடிக்கக் கூடாது. பக்கத்துல நிக்கணும். இதுக்குத் தன்னால நிக்கத் தெரியுது, நான் பாத்தேன். நீங்கதான் விடல."

"விட்டு எங்கயாவது போயிடுச்சுன்னா?"

"போனா போகுது. அலமாரி மேல இருந்து மட்டும் என்னத்தைக் கண்டுச்சு?"

உச்சியார் கொஞ்ச நேரம் மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் சுற்றியது. பிறகு கையை நீட்டினார். "அந்த றெக்கை ஜதையை எடு. அடையாளம் போட்டது எது?"

அன்று அவர் இன்னொரு காரியமும் செய்தார். ஆப்பில் புதியவர்களுக்கென்று ஓர் உயரக் கட்டு உண்டு. அதற்குமேல் ட்ரோன் ஏறாது. கூண்டு இருந்த உயரம் அவருக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கட்டு அதற்குக் கீழே இருந்தது. அதை விலக்கினார். சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாக வீடு திரும்பும் உயரத்தை, குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே வைத்தார்.

மறுநாள் காலையில் மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். ஆள் நடமாட்டம் இல்லை. உச்சியார் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தார்; பாதகமில்லை. விரிப்பை விரித்து, ட்ரோனை வைத்து, ஒவ்வொரு றெக்கையையும் அசைத்துப் பார்த்தார். கேமராவின் மூடியைக் கழற்றச் சொல்லி மனைவி ஞாபகப்படுத்தினார். விசில்காரர் பத்தடி தள்ளிப் போய் நின்றார். கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் வலது கையை உயர்த்தி, சுட்டுவிரலை வானத்துக்குக் காட்டி, சின்ன வட்டம் போட்டார். 'தூக்கு' என்று அதற்கு அர்த்தம்.

உச்சியார் தூக்கினார்.

ட்ரோன் மரங்களைத் தாண்டியது. இரண்டாம் மாடி, நான்காம் மாடி. அவர் கட்டிய ஒவ்வொரு தளமும் திரையில் கீழே இறங்கியது. குடியிருப்பின் விளிம்பு தாண்டியதும் உச்சியார் திரையில் உயரம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றி, ஓரிடத்தில் நிறுத்தினார். கட்டைவிரல்களை எடுத்தார். அது அங்கேயே நின்றது.

"இதான்" என்றார். "இங்கதான் உக்காந்திருந்தேன்."

விசில்காரர் ஓடிவந்து திரைக்குள் தலையை விட்டார். ஒருநாளும் மேலே ஏறாதவர். ஏணியைப் பார்த்தாலே மயக்கம் வரும். "யோவ், அந்த வளைவுல ஆறு தெரியுதே! இத்தனை வருஷம் சொல்லவே இல்ல?"

"தினமும் சொன்னேன். நீ நம்பல."

உச்சியார் ட்ரோனை அந்த இடத்திலேயே மெல்லத் திருப்பினார். வலது பக்கம் கடைத்தெரு, இரும்புப் பாலம், பிறகு மைதானம். மைதானத்தில் மூன்று புள்ளிகள். நடுப்புள்ளியின் தலை பளபளத்தது.

"அந்த வழுக்கை யாரு?" என்றார் மனைவி.

"அங்கேருந்து பாத்தப்ப முடி இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு." அவர் அட்டை மறைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். திரையை நெடுநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு சின்னதாவா தெரிஞ்சேன்?"

"நீ மட்டும் தெரிஞ்ச."

"போதும், அண்ணன் நிக்கிறாரு." சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். "எங்க இல்லத்து மொட்டை மாடி எந்த உயரம் இருக்கும்?"

உச்சியாருக்கு யோசிக்கத் தேவையில்லை. ட்ரோனை மைதானத்தின் மேற்கு மூலைக்கு நகர்த்தி, பொறுமையாக இறக்கினார். மூன்று மாடி உயரத்தில், ஒன்றுமில்லாத வெற்றிடத்தில் நிறுத்தி, கேமராவைக் கூண்டு இருந்த பக்கம் திருப்பி, நிமிர்த்தி மேலே காட்டினார். திரையில் வெறும் வானம்.

மனைவி பார்த்தார். "ஆமா" என்றார். "இப்பிடித்தான் இருக்கும். நடுவுல நீங்க."

பேட்டரி குறைகிறதென்று ரிமோட் கத்தியது. விசில்காரர் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று, கையைத் தாழ்த்தி, விரலைத் தரைக்குக் காட்டி வட்டம் போட்டார். உச்சியார் ட்ரோனை மஞ்சள் வட்டத்துக்குள் முட்டை வைப்பதுபோல் இறக்கினார். மோட்டார் நின்றது. மனைவி பையைத் திறந்து மற்ற பேட்டரியை எடுத்து நீட்டினார்.