மச்சாள் உயர்த்திக் கட்டிய கொடி

மார்பில் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முடிந்து நான் மானிப்பாய் வீட்டுக்குத் திரும்பியபோது, கணவரின் அக்கா, என் மச்சாள், எங்களோடு வந்து தங்கினார். துணி காயப்போடக்கூட நான் கையைத் தூக்கக் கூடாதென்று, முற்றத்துக் கொடியை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினார்.

“நீர் கையை அசைக்காதையும். நான் இருக்கிறன்தானே” என்பார். எனக்கும் அது சுகமாகவே இருந்தது.

சில மாதங்களில் இடது கை வீங்கிச் சட்டைக் கை இறுகியது. கிளினிக்கில் தாதி சொன்னார்: “அக்குளிலை நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கு. கையை மெல்ல மெல்ல அசைச்சால்தான் நிணநீர் ஓடும். தொங்கவிட்டால் தேங்கும். காயம் படாமலும் பாருங்கோ.”

கூட வந்திருந்த மச்சாள், வீட்டுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடியை அவிழ்த்து, தலைக்கு மேலே இழுத்துக் கட்டினார். ஈரத் துவாயின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

“நோகுது மச்சாள்” என்றேன் எரிச்சலோடு.

“தெரியும். நானும் தூக்கிறன். நீரும் தூக்கும்.”

துவாய் கொடியில் விழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதன்பிறகு எல்லாத் துணியையும் இருவருமாகத்தான் காயப்போட்டோம்.

இப்போது அவர் கனடாவில் மகனோடு இருக்கிறார். என் வீக்கம் முழுதாக வற்றவில்லை. ஆனால் பழைய சட்டைகளைப் போட முடிகிறது. போன் எடுத்தால் அவர் என் கையைப் பற்றிக் கேட்கமாட்டார்.

“கொடி அந்த உயரத்திலைதான் இருக்கோ?”

“ஓம் மச்சாள்.”

ஒவ்வொரு காலையும் ஈரத் துவாயை உயர்த்தும்போது, மறுமுனை தரையில் படாமல் நானே பிடித்துக்கொள்கிறேன்.