சென்னைக்குக் கேட்ட மழை

இந்த ஊரில் தெருக்குழாய்க்குத் திருகு கிடையாது. கங்கைத் தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிச் சாக்கடையில் போய்ச் சேரும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். கல்யாணமாகி வங்காளத்தில் இந்த லேக் கார்டன்ஸுக்கு வந்த புதிதில் ஒரு துணியை உருட்டிக் குழாயின் வாயில் அடைத்தேன். டீக்கடைக்காரர் ஓடிவந்து பிடுங்கி எறிந்தார். குழாய் வெடித்துவிடும் என்றாரோ, எனக்குப் பைத்தியம் என்றாரோ, அன்று எனக்கு வங்காளம் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சென்னையில் என் அக்கா லாரித் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்ற நாட்களிலும் அந்தக் குழாய் கொட்டிக்கொண்டேதான் இருந்தது.

"ஏரியெல்லாம் வெடிச்சுக் கிடக்குடி. எங்களுக்காக வேண்டிக்கவாவது செய்யேன்" என்று அக்கா போனில் அழுதாள். அதனால்தான் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எங்கள் மொட்டைமாடியில் வருண ஜபம் வைத்தோம். பெரிய அண்டாக்களில் கழுத்தளவு தண்ணீரில் ஆண்கள் உட்கார்ந்து மந்திரம் சொல்ல வேண்டும். தண்ணீரை மாடிக்குச் சுமக்க எங்களில் ஒருவருக்கும் இடுப்பு வளையாது. இருக்கவே இருக்கிறாள் மாலதி.

மாலதி எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். சுந்தரவனத்தில் ஒரு தீவு அவள் ஊர். கடல் அவள் வீட்டை இரண்டு முறை விழுங்கியிருந்தது. மூன்றாவதாக மண்கரையோரம் போட்ட குடிசையில் கணவன் நிதாய் மட்டும் இருந்தான். மிஞ்சிய துண்டு நிலத்தை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். அந்த வாரம் பௌர்ணமி. அலை ஏறினால் கரை தாங்காது, போய் அவனை இழுத்து வந்துவிடுகிறேன், இரண்டு நாள் லீவு கொடுங்கள் என்று கேட்டாள்.

"பூஜை முடியட்டும், அப்புறம் போ" என்றேன்.

"எதுக்கு பௌதி இந்தப் பூஜை?" வங்காளத்தில்தான் கேட்டாள்; அண்ணியை இங்கே பௌதி என்பார்கள்.

"மழைக்கு."

வாளியோடு அப்படியே நின்றாள். "மழையைக்கூடவா கேட்டு வாங்குவாங்க?" என்றாள். பிறகு மாடியேறினாள். நான் கீழே ஏசி அறையில் பாயசத்துக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன்.

பூஜை தொடங்கும்போது சொல்லும் சங்கல்பத்தில் நாம் இருக்கும் இடத்தைச் சொல்வதுதான் வழக்கம். பவானிபூரிலிருந்து வந்த வாத்தியாரும் பழக்கதோஷத்தில் கங்கைக்கரையைச் சொன்னதோடு நிறுத்திவிட்டார்; சென்னையின் பெயரே வரவில்லை. சாப்பிடும்போதுதான் என் கணவருக்கு உறைத்தது. "போச்சு, வருணன் இங்கேயே இறக்கிட்டுப் போயிடுவான்" என்றார். புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்.

மறுநாள் பௌர்ணமி. மழையும் காற்றும் அலையும் ஒன்றாக வந்தன. மாலதி ரயிலும் படகும் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கரை உடைந்திருந்தது. மூன்றாம் நாள் நிதாயைச் சேற்றிலிருந்து எடுத்தார்களாம்.

உலகமெங்கும் சூடு ஏறுகிறது, எங்கோ பனி உருகிக் கடல் உயர்கிறது, அதே சூடு ஓரிடத்தைக் காயவைத்து இன்னோரிடத்தை மூழ்கடிக்கிறது என்று பேப்பரில் படிக்கிறேன். ஜபத்தால் யாரும் சாவதில்லை, அது எனக்குத் தெரியும். கேட்டபோதே லீவு கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பதும் தெரியும். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் ஏசியை நான் நிறுத்தவில்லை.

பதினைந்து நாள் கழித்து மாலதி வேலைக்கு வந்தாள். போக வேறு இடமில்லை. அன்று எங்கள் கூடத்திலும் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. குனிந்து மொண்டு வாசலில் கொட்டியபடியே கேட்டாள்: "உங்க ஊர்ல மழை பெஞ்சுதா பௌதி?"

"இல்லை."

"பூஜை நல்லாத்தான் பண்ணீங்க. எங்க வீடு வரைக்கும் வந்துச்சே."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அந்நேரம் போன் அடித்தது. அக்காதான்.

"ஒரு சொட்டு விழலடி. இன்னொரு தரம் பண்ணச் சொல்லேன்."

மாலதியின் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, "சரிக்கா, பண்ணச் சொல்றேன்" என்றேன். நல்லவேளை, மாலதிக்குத் தமிழ் தெரியாது.