முதலில் ஓடியவர்

இல்லை, வெடி இல்லை. நெஞ்சு.

இந்த வாரம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் கூப்பிடுகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி போர்மேன் இறந்தால் வேறு எதைக் கேட்பார்கள்? ஜெபமணி அண்ணன் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பந்தியில் உட்காரப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் மனைவி கிரேஸ் மதினி அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"சுதா, அண்ணன் போயிட்டாக."

"எந்த ரூம்ல மதினி?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு. காலையில் அவர்கள் இருவரும் கிளம்பியபோது பக்கத்து வீடான எங்கள் வாசலில் நின்று கையாட்டியதே நான்தான். இருந்தும் கேட்டேன்.

மதினி ஒரு மாதிரி சிரித்தார். "ரூம் இல்லடி. கல்யாண மண்டபம்." பிறகுதான் அழுதார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். விஸ்வநத்தம் பக்கத்துக் கம்பெனியில் அவரோடு வேலை செய்தவர்கள், எங்கள் தெருக்காரர்கள், கோயிலில் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் ராகம் தப்பிப் பாடுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள். உங்களில் பலர் பார்க்காத ஓர் இடத்தில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால். கையில் கன்ட்ரோலரோடு.

*

அந்த வருஷம் அவர் கம்பெனி மூடிக் கிடந்தது. வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் ஒன்றில் தீப்பிடித்து, அங்கே வேலை செய்த மாரியம்மாள் இறந்த வருஷம். விசாரணை, சீல், லைசன்ஸ் நிறுத்தம். அண்ணன் வீட்டில் இருந்தார். ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நானும் வீட்டில் இருந்தேன். இருவருக்கும் பகல் நீளமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் மதினி கொடுத்தனுப்பிய மீன்குழம்போடு வந்தார். சென்னைக்கு வேலைக்குப் போன என் தம்பி விட்டுச்சென்ற கேம் பெட்டியில் நான் ஒரு பாலத்துக் காவல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய உருவம், பெரிய சுத்தியல்.

"யாரு இவன்?"

"பாஸ் அண்ணே. ஒவ்வொரு கட்டத்துக்கும் கடைசியில ஒருத்தன் நிப்பான். அவனை அடிச்சாத்தான் அடுத்த கட்டம்."

"பாஸுன்னா நம்ம முதலாளி மாதிரியா?"

"முதலாளி நேர்ல வந்து அடிக்க மாட்டாருல்ல."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நான் செத்தேன். மறுபடி போனேன். உள்ளே நுழைந்ததும் மூடுபனிச் சுவர் ஒன்று எழும்பி வாசலை மூடியது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன இது, உள்ள போனதும் வாசல அடைக்கான்? இருக்கிறதே ஒரு வாசல்! இந்தக் கட்டடத்துக்கு எவன் லைசன்ஸ் குடுத்தான்?"

உண்மையான கோபம். மருந்து ரூமுக்கு எல்லாப் பக்கமும் வாசல் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். வாசலில் ஒரு காலிப் பெட்டிகூட இருக்கக் கூடாது. அவருடைய வேலையில் பாதி, வாசல்களைக் காலியாக வைத்திருப்பது.

அடுத்த ஞாயிறு அவரே வந்தார். கன்ட்ரோலரை வாங்குவதற்கு முன் எங்கள் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். மருந்து ரூமுக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கை அது. கம்பியைத் தொடாமல் அவர் ஒருநாளும் விளையாடியதில்லை.

*

பாலத்துக் காவல்காரனை அவர் அடிக்கவே இல்லை, வெகுநேரம். பார்த்துக்கொண்டிருந்தார். அடிவாங்கிச் செத்தார். மறுபடி பார்த்தார்.

"சுத்தியலப் பாக்காத சுதா. தோளப் பாரு. தோள் எந்திரிச்சப்புறம்தான் சுத்தியல் எந்திரிக்கிது."

காவல்காரனின் உயிர்க்கோடு நூலளவு மிச்சம் இருக்கும். "இன்னும் ஒரே அடி அண்ணே!" என்று நான் கத்துவேன். அவர் பின்வாங்கிவிடுவார். "இன்னும் ஒரே ஒரு கை மருந்துன்னு அள்ளுறவன்தான்..." என்று தொடங்குவார். முடிக்க மாட்டார்.

அக்காளும் தங்கையுமாகச் சேர்ந்து வரும் இரண்டு வாள்காரிகளிடம் ஒரு மழைக்காலம் முழுக்க அடிவாங்கினோம். ஒருத்தி விழுந்தால் மற்றவள் அவள் வாளையும் எடுத்துக்கொண்டு வருவாள். அண்ணன் வெட்டிக்கொண்டே "பாவம்லே, பாவம்லே" என்பார்.

அப்புறம் உலை ராஜா. பெயர் வைத்தது அண்ணன்தான்.

வட்டமான மண்டபம். பாதி உயிர் போனதும் ராஜா வாளைத் தரையில் குத்துவான். தரை சிவக்கும். அவனிடமிருந்து தீ ஒரு வளையமாகக் கிளம்பிச் சுவர் வரை போகும். சுவரோரம் ஒதுங்கியவன் சாவான். பிழைக்க ஒரே இடம் ராஜாவின் காலடி. தீ கிளம்பும் நொடியில் தீயைப் பார்த்தே உருண்டு, அதைக் கடந்து, உள்ளே போக வேண்டும்.

சென்னையில் தம்பியோடு தங்கியிருந்தவர்கள் அவனை ஒரே சாயங்காலத்தில் முடித்திருந்தார்கள். எங்கள் தெருவில் யாராலும் முடியவில்லை. அச்சாபீஸ் முருகேசன் வந்து விளையாடினான், என் சித்தி மகள் விளையாடினாள், நான் விளையாடினேன். எல்லோரும் ஒரே மாதிரி செத்தோம். தரை சிவந்ததும் விரல் தானாக ஆளை வெளியே திருப்பியது. பொறி தெரிந்தால் ஓடு, எதையும் எடுக்காதே, திரும்பிப் பார்க்காதே. இந்த ஊரில் நடக்கப் பழகும்போதே காதில் விழுவது அது. புத்திக்குத் தெரிந்தாலும் கட்டைவிரலுக்குப் புரியவில்லை.

"அக்கா, கிட்ட போகணும். தீக்குள்ள" என்றான் தம்பி போனில்.

"நீ வந்து போடா."

நாங்கள் விட்டுவிட்டோம். அண்ணன் விடவில்லை. ஞாயிறு மட்டும் வந்தவர் தினமும் சாயங்காலம் வரத் தொடங்கினார். பேச்சு குறைந்தது. தரை சிவக்கும்போது அவர் தாடை இறுகுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பேன்.

ஒருநாள் மறுபடி செத்தபின், திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். பொறி தெரிஞ்சுச்சு. மாரியம்மா உள்ள, கை நீட்டுற தூரம். நின்னு பாத்தேன் சுதா. உள்ள போகவும் இல்ல, ஓடவும் இல்ல. நின்னு பாத்தேன். அப்புறம் சத்தம்."

அவர் பொத்தானை அழுத்தினார். மண்டபம் மறுபடி திறந்தது.

*

மதினி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காய வார்டு. டூட்டிக்குக் கிளம்பியவர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். உலை ராஜா வாளை ஊன்றினான். அண்ணன் உள்ளே உருண்டார். கொஞ்சம் பிந்திவிட்டது. எரிந்தார்.

"என்ன பண்றீக நீங்க?"

"விளையாடுறேன்."

"இது விளையாட்டா? தீக்குள்ள போகப் பழகுறீக."

அண்ணன் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"எங்க வார்டுல பாதிப் பேரு ஓடித் தப்பிச்சவுகதான். அப்புறம் திரும்பிப் போனவுக. செருப்ப எடுக்க, தூக்குச்சட்டிய எடுக்க, ஆள எடுக்க."

"ஆளும் தூக்குச்சட்டியும் ஒண்ணா கிரேஸு?"

"தீக்கு ஒண்ணுதான்."

போகும்போது என்னிடம் சொன்னார்: "அந்தப் பெட்டிய எங்கிட்டாவது ஒளிச்சு வையி சுதா." அதன்பின் எனக்கும் பயம் வந்துவிட்டது. அவர் ஒவ்வொரு முறை பிந்தும்போதும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவர் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி திறக்க உத்தரவு வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு அவர் ஜெயித்தார்.

மதினி அன்று வாசலில் இருந்தார். தரை சிவந்தது. அண்ணன் தீயைப் பார்த்து உருண்டார். வளையம் அவர் மேல் கடந்து போனது. அவர் ராஜாவின் காலடியில் இருந்தார், முழுசாக. ராஜாவின் தோள் எழும்பியது. இன்னொரு வளையம். மறுபடி உள்ளே. அவர் அவசரப்படவில்லை. கடைசி அடி விழுந்து ராஜா சாம்பலாக உதிர்ந்தான். திரையில் வெற்றி என்று பெரிய எழுத்தில் வந்தது.

யாரும் கத்தவில்லை. மதினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

"போயிட்டேன் சுதா" என்றார் அண்ணன். "உள்ள போயிட்டேன்."

ஜெயிச்சிட்டேன் என்று சொல்லவில்லை.

*

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்திருந்தது, லோடு ஏற்ற லாரிகள் காத்து நின்றன. ஒரு நாள் முற்பகலில் சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டால் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுவோம். புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். விஸ்வநத்தம் திசை. அண்ணனைக் கூப்பிட்டேன். கம்பெனி கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஏதோ ஒரு பெட்டிக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினி கட்டில்களில் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருன்னு தெரியல. யாருன்னும் தெரியல." கத்தரியால் காயம் கட்டும் காஸ் துணியை வெட்டி அடுக்கினார். அளவு பிசகவில்லை. "போயிருப்பாக" என்றார், என்னைப் பார்க்காமல். "உள்ள போயிருப்பாக."

ஆம்புலன்ஸ் வந்தது. மதினிதான் முதலில் போனார். கதவு திறந்தது. உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முழங்கால் சிராய்த்திருந்தது. மற்றவளுக்கு வேலிக்கம்பி கிழித்து முழங்கையில் ரத்தம். அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியாத முகம். அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

"மொளங்கால் போச்சு சிஸ்டர்" என்றாள் மூத்தவள். பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. "எல்லாம் எங்க போர்மேனாலதான்."

"போர்மேனுக்கு என்ன?"

"அவருக்கு என்ன? எங்க அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி ஓடிட்டாருல்ல! காயப்போட்ட மருந்துல லேசாப் பொகையாம். நாங்க எங்க பாத்தோம்? ஓடு ஓடுன்னு கத்திக்கிட்டு வேலியத் தாண்டி ஓடுறாரு. செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். நாங்களும் விழுந்தடிச்சு ஓடுனோம். அப்புறம்தான் வெடிச்சுச்சு."

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"அம்புட்டுப் பேரும். ஆனா போர்மேன் ஓடுன ஓட்டத்த நீங்க பாக்கணுமே!"

மதினி ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரருதான்."

"ஐயோ! தெரியாமச் சொல்லிட்டேன் சிஸ்டர்..."

"சொல்லுங்க" என்றார் மதினி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முழங்காலைப் பிடித்தார். "இன்னொருக்கச் சொல்லுங்க. எப்படி ஓடுனாக?"

*

உங்களுக்குத் தெரியும், அதன்பின் ஊர் அவரைக் கேலி செய்யாமல் விடவில்லை. டீக்கடையில் "வழி விடுங்கலே, போர்மேன் ஓடப் போறாரு" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் வீட்டில் அவர் சிரிக்கவில்லை. அந்த ஞாயிறு வந்து கம்பியைத் தொட்டார். உலை ராஜா மறுபடி வேண்டும் என்றார். தரை சிவந்தது. அவர் வெளியே உருண்டார். சுவரோரம் செத்தார். மறுபடியும் வெளியே. மறுபடியும். உள்ளே போகும் வழி அவர் கையை விட்டுப் போய்விட்டிருந்தது.

"உள்ள போகணும்னுதான் இருந்தேன் சுதா. கால் கேக்கல. எவ உள்ள இருக்கான்னு திரும்பிக்கூடப் பாக்கல. முத ஆளா ஓடுனேன்."

"எல்லாரும் பொழச்சாங்களே அண்ணே."

"அது அவுகளா ஓடிப் பொழச்சது."

கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். பிறகு எடுக்கவில்லை. குழம்பு கொண்டுவருவார், உட்காருவார், நான் விளையாடுவதைப் பார்ப்பார். ராஜா வந்தால் எழுந்து போய்விடுவார். காரியாபட்டிக்குப் போன அன்று வரை அப்படித்தான்.

*

அவர் உடலை வீட்டில் வைத்திருந்தபோது கம்பெனிப் பெண்கள் வேலையிலிருந்து நேராக வந்தார்கள். கழுவியும் போகாத மருந்துப் பொடி விரல் இடுக்கில் மினுங்கியது. பேச்சியம்மாள் சவப்பெட்டியின் ஓரத்தில் கையை வைத்து நின்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ரொம்பத்தான் கேலி பண்ணிட்டோம்" என்றாள்.

"அவரும் சிரிச்சாருல்ல அக்கா."

"பொகை தெரிஞ்சா எங்களுக்கு என்னம்மா தெரியும்? என்னடா இதுன்னு நிமிந்து போர்மேன் மொகத்தத்தான் பாப்போம். அவரு நின்னிருந்தா நாங்களும் நின்னு பாத்துக்கிட்டே இருந்திருப்போம். அவரு ஓடுனாரு. அதப் பாத்துத்தான் ஓடுனோம்."

"இத அவருகிட்டச் சொன்னீகளா?"

"எங்க சொன்னோம்? கேலிதான பண்ணுனோம்."

அவர் உலை ராஜாவை ஜெயித்த சாயங்காலத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னான் தம்பி. அதை நான் நினைவாக வைத்துக்கொள்ளவில்லை. நான் பார்க்காத ஒன்றை வைத்திருக்கிறேன். பட்டப்பகல். ஒரு கனத்த மனிதர் வெட்கமில்லாமல், தொண்டை கிழிய, எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறார். அவருக்குப் பின்னால் எல்லோரும் வருகிறார்கள்.

மதினி உள்ளறையில் இருந்தார். பேச்சியம்மாளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மதினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். என்னிடம் சொன்னதைச் சொல்லச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.